இறங்காத விரை: எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?

காளையையும் ஆட்டுக் கடாவையும் பார்த்திருப்பீர்கள். பின்னங்கால்களுக்கு நடுவே விரைப்பை தொங்கிக்கொண்டிருக்கும். ஆண் யானையைக் கவனித்தால் அந்த இடத்தில் அப்படி ஒன்றும் தெரியாது. ஆண் யானைக்கு விரைகள் இல்லையா? உண்டு. அவை வயிற்றுக்கு உள்ளே, சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பிறந்தது முதல் இறக்கும் வரை அங்கேயே இருந்து தம் வேலையைக் குறைவின்றிச் செய்கின்றன.

இந்த வகையில் மனிதன் யானையைப் போன்றவன் அல்லன், காளையைப் போன்றவன். மனிதனுடைய விரைகளும் வயிற்றுக்குள்ளேதான் தோன்றுகின்றன. ஆனால் குழந்தை பிறப்பதற்குள் அவை கீழே இறங்கி, உடலுக்கு வெளியே உள்ள தோற்பைக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். சில குழந்தைகளுக்கு ஒரு விரையோ, இரண்டுமோ வந்து சேர்வதில்லை. இதைத்தான் மருத்துவர்கள் 'இறங்காத விரை' என்கிறார்கள். பாடநூல்களில் விந்தகம் என்றும், பேச்சு வழக்கில் விதை என்றும் சொல்லப்படுவது இந்த விரையே. ஆண் குழந்தைகளின் பிறப்புறுப்புகளில் பிறவியிலேயே காணப்படும் குறைகளுள் இதுவே மிகவும் அதிகமாகக் காணப்படுவது.

இந்தக் குறையால் குழந்தைக்கு வலி இல்லை. பால் குடிப்பதிலும் தூங்குவதிலும் சிறுநீர் கழிப்பதிலும் தொல்லை இல்லை. ஆகவே பலருக்கு இது கண்ணிலேயே படுவதில்லை. பட்டாலும், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று இருந்துவிடுகிறார்கள். இந்தச் சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உண்மை, எதுவரை உண்மை என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம். ஏனெனில் இக்குறையைப் பொறுத்தவரை, மருத்துவத்தைவிடக் காலமே முக்கியமானது.

கருவில் ஒரு பயணம்

தாயின் வயிற்றில் கரு உருவாகி ஏழெட்டு வாரங்கள் ஆனதும் ஆண் கருவில் விரைகள் தோன்றத் தொடங்குகின்றன. அவை தோன்றும் இடம் வயிற்றின் பின்சுவர், சிறுநீரகங்களுக்கு அருகில். இதற்கு ஒரு சான்று நம் எல்லோர் உடலிலும் இன்றும் இருக்கிறது. விரைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி தொடைப் பக்கத்திலிருந்து கிளம்புவதில்லை. வயிற்றின் நடுவே செல்லும் பெருந்தமனியில், சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே கிளம்பி, நீண்ட தூரம் இறங்கி வருகிறது. விரை இடம் பெயர்ந்தபோது தன் இரத்தக் குழாயையும் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. விரையில் அடிபட்டால் அடிவயிற்றில் வலி பிடுங்குவதற்கும் இதுவே காரணம்.

இந்தப் பயணம் இரண்டு கட்டங்களாக நடக்கிறது. விரையின் அடிப்பகுதியிலிருந்து தொடை இடுக்கு வரை கயிறு போன்ற ஒரு திசு இருக்கிறது. இதை விரிவாக ஆராய்ந்து 1762ஆம் ஆண்டில் எழுதியவர் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர். விரைக்கு வழிகாட்டுவது அதுவே என்று கருதியதால், படகின் சுக்கானைக் குறிக்கும் லத்தீன் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார். நாமும் அதைச் 'சுக்கான் திசு' என்றே சொல்லலாம்.

முதல் கட்டம் எட்டாவது வாரத்திலிருந்து பதினைந்தாவது வாரம் வரை. இக்காலத்தில் சுக்கான் திசு பருத்து, விரையைத் தொடை இடுக்குக்கு அருகே பிடித்து நிறுத்துகிறது. கருவின் வயிறு மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போக, விரை மட்டும் கீழே தங்கிவிடுகிறது. திசுவைப் பருக்கச் செய்வது, விரையே சுரக்கும் இன்சுலினைப் போன்ற ஒரு ஹார்மோன். இந்த ஹார்மோனுக்கான ஜீனை நீக்கி வளர்த்த எலிகளில் விரைகள் இறங்காமல் மேலேயே நின்றுவிட்டதை 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின.

இரண்டாவது கட்டம் ஏறக்குறைய இருபத்தைந்தாவது வாரத்தில் தொடங்கி முப்பத்தைந்தாவது வாரத்தில் முடிகிறது. இப்போது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் தூண்டுதலால், விரை தொடை இடுக்கில் உள்ள குறுகிய பாதை வழியாக வெளியே வந்து பைக்குள் இறங்குகிறது. அதற்கு முன்பே வயிற்றின் உள்சவ்வு ஒரு சுருக்குப்பை போல அப்பாதையில் நீண்டிருக்கும். விரை இறங்கியபின் இந்தச் சவ்வுப் பாதை தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் அதன் வழியே குடல் இறங்கிக் குடலிறக்கம் உண்டாகலாம். இறங்காத விரை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இப்பாதை திறந்தே இருக்கும்.

வெளியே ஏன் வர வேண்டும்?

இவ்வளவு முக்கியமான உறுப்பு எலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இல்லாமல் ஏன் வெளியே தொங்க வேண்டும்? விடை, வெப்பம். நம் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். விரைப்பைக்குள் அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்கிறது. இந்தக் குளிர்ச்சியில்தான் மனிதனின் விந்தணுக்கள் சரியாக உருவாகின்றன.

குளிர்ச்சியைக் காக்க உடல் பல ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கிறது. பையின் தோல் மெல்லியது, சுருக்கங்கள் நிறைந்தது, வியர்வைச் சுரப்பிகள் மிகுந்தது. வெயிலில் பை தளர்ந்து தொங்குகிறது. குளிரில் சுருங்கி உடலோடு ஒட்டிக்கொள்கிறது. விரைக்குச் செல்லும் தமனியைச் சுற்றி, திரும்பி வரும் சிரைகள் கொடிபோலப் பின்னிக் கிடக்கின்றன. கீழே இறங்கும் சூடான இரத்தத்தின் வெப்பத்தை மேலே ஏறும் குளிர்ந்த இரத்தம் வாங்கிக்கொள்கிறது.

இதைச் சோதனை மூலம் காட்டியவர்களுள் முக்கியமானவர் சிக்காகோவைச் சேர்ந்த கார்ல் மூர். 1924ஆம் ஆண்டில் வெளியான அவருடைய ஆய்வில், ஆட்டுக் கடாக்களின் விரைப்பையின் மேல் வெப்பம் வெளியேறாதபடி உறை போட்டு வைத்தார்கள். வேறு எதையும் செய்யவில்லை. அதற்கே விந்தணு உற்பத்தி குலைந்துபோயிற்று. போர்வை ஒன்றே போதும், கடாவை மலடாக்க!

அப்படியானால் யானைக்கு எப்படி முடிகிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பறவைகளின் உடல் நம்முடையதைவிடச் சூடானது. அவற்றின் விரைகளும் உடலுக்குள்ளேயே இருக்கின்றன. டால்பினின் விரைகளும் உள்ளேதான். ஆனால் முதுகுத் துடுப்பிலும் வால் துடுப்பிலும் கடல்நீரால் குளிர்ந்த இரத்தம் நேராக அங்கே வந்து குளிர்விக்கிறது. ஒவ்வோர் உயிரினமும் தனக்கென ஒரு வழியைக் கண்டிருக்கிறது. மனிதன் கண்ட வழி, வெளியே தொங்கவிடுவது. ஆகவே மனித விரை உள்ளே தங்கினால், அது தனக்குப் பழக்கமில்லாத சூட்டில் தங்குகிறது என்று பொருள்.

எத்தனை பேருக்கு, எதனால்?

நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இக்குறை காணப்படுகிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் இது நூற்றுக்கு முப்பது வரை போகலாம். காரணத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பயணத்தின் கடைசிக் கட்டம் முடிவதற்குள் குழந்தை பிறந்துவிடுகிறது.

இவர்களில் பலருக்கு, பிறந்த பிறகு விரை தானாக இறங்கிவிடுகிறது. பிறந்த முதல் சில மாதங்களில் ஆண் குழந்தையின் உடலில் ஆண் ஹார்மோன் ஓர் அலைபோல உயர்ந்து தாழ்கிறது. இதை 'சிறு பருவம்' என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். விடுபட்டுப்போன பயணத்தை முடிக்க இயற்கை கொடுக்கும் இரண்டாவது வாய்ப்பு இது. ஒரு வயது முடியும்போது நூற்றுக்கு ஒருவருக்கே குறை எஞ்சியிருக்கும்.

"வளர வளரச் சரியாகிவிடும்" என்ற சொல்லின் உண்மையான பாதி இதுதான். அது ஆறு மாதம் வரைக்கும் உண்மை. அந்த ஹார்மோன் அலை ஓய்ந்த பிறகு விரை தானாக இறங்குவது அரிது. அதற்குப் பின் காத்திருப்பது வீண் மட்டுமன்று, தீங்கும் ஆகும்.

குறை ஏன் ஏற்பட்டது என்பதற்குப் பெரும்பாலான குழந்தைகளில் ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக் காட்ட முடிவதில்லை. குறைமாதப் பிறப்பு, பிறப்பு எடை குறைவு, ஹார்மோன் கோளாறு ஆகியவற்றோடு தொடர்பு உண்டு. தந்தைக்கோ அண்ணனுக்கோ இருந்திருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும். கருவுற்றிருந்தபோது தாய் எதையோ தின்றதாலோ, கிரகணத்தின்போது வெளியே வந்ததாலோ இது ஏற்படுவதில்லை. தாயைக் குற்றம் சொல்ல இதில் எதுவுமே இல்லை.

தாமதித்தால் என்ன ஆகும்?

விரைக்கு இரண்டு வேலைகள். ஒன்று ஆண் ஹார்மோனைச் சுரப்பது. மற்றொன்று விந்தணுக்களை உண்டாக்குவது. முதல் வேலையைச் செய்யும் செல்கள் சூட்டை ஓரளவு தாங்குகின்றன. அதனால் இறங்காத விரை உள்ள சிறுவனுக்கும் உரிய வயதில் பெரும்பாலும் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. வெளிப்பார்வைக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. கெடுவது இரண்டாவது வேலை.

விந்தணு உண்டாவது பருவ வயதில்தானே, அதற்குள் சரிசெய்தால் போதாதா என்று தோன்றலாம். முன்பு மருத்துவர்களும் அவ்வாறே எண்ணினார்கள்; சிறுவன் பருவமடைவதற்கு முன் அறுவை செய்தால் போதும் என்று இருந்தார்கள். பிறகு நுண்ணோக்கி வேறு கதையைச் சொன்னது. வாழ்நாள் முழுவதும் விந்தணுக்களைத் தரப்போகும் மூலச் செல்கள் உருவாவது பிறந்த முதல் ஆண்டிலேயே. விதைநெல்லைப் போன்றவை அவை. விளைச்சல் பல ஆண்டுகள் கழித்து வந்தாலும், விதைநெல்லைப் பக்குவப்படுத்த வேண்டிய காலம் இதுதான். விரை சூட்டில் இருந்தால் இந்தப் பக்குவம் தடைப்படுகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து இச்செல்களின் எண்ணிக்கை குறையத் தொடங்குகிறது.

சுவீடன் நாட்டில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பக்கம் விரை இறங்காத குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒன்பதாவது மாதத்திலும், மற்றதற்கு மூன்று வயதிலும் அறுவை செய்தார்கள். நான்கு வயதில் அளந்து பார்த்தபோது, ஒன்பதாவது மாதத்தில் அறுவை செய்யப்பட்ட விரைகளே நன்கு வளர்ந்திருந்தன. 2007ஆம் ஆண்டில் இந்த முடிவு வெளியாயிற்று.

பெற்றோர் அஞ்சும் மற்றொன்று புற்றுநோய். இறங்காத விரையில் பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. இதிலும் காலத்தின் பங்கு பெரிது. சிறு வயதில் அறுவை செய்துகொண்ட 16,983 சுவீடன் ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வும் 2007இல் வெளியாயிற்று. 13 வயதுக்கு முன் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு பொதுமக்களைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம்; அதற்குப் பின் செய்துகொண்டவர்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல். மடங்குக் கணக்கைக் கண்டு மிரள வேண்டாம். அந்த ஏறக்குறைய பதினேழாயிரம் பேரில் புற்றுநோய் கண்டவர்கள் 56 பேர்தான். அச்சப்படுவதற்காக அல்ல, தாமதிக்காமல் இருப்பதற்காகவே இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவை தவிர வேறு இரண்டு ஆபத்துகளும் உண்டு. திறந்திருக்கும் பாதையில் குடல் இறங்கிச் சிக்கிக்கொள்ளலாம். பைக்குள் நிலைபெறாத விரை தன் காம்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டத்தை இழக்கலாம். ஒரு பக்கப் பை வெறுமையாக உள்ள குழந்தை, தொடை இடுக்கில் வீக்கத்துடன் வீறிட்டு அழுதாலோ, வாந்தி எடுத்தாலோ மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. முறுக்கிய விரையைக் காப்பாற்ற இருக்கும் நேரம் ஏறக்குறைய ஆறு மணி மட்டுமே.

குளிக்கும் வேளையே சோதிக்கும் வேளை

இக்குறையைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் வேண்டியதில்லை. குழந்தையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றும் தாயோ பாட்டியோதான் முதல் பரிசோதகர். வெந்நீர் பட்டதும் விரைப்பை தளரும். அப்போது பையின் இரு பக்கமும் உருண்டையாக ஒவ்வொரு விரை தெரிய வேண்டும். கைக்கும் தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் சப்பையாகவும் சுருக்கமின்றியும் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எண்ணெய் தடவி நீவி இறக்க முயல்வது பயனற்றது. மென்மையான உறுப்பைக் காயப்படுத்தவும் கூடும்.

இங்கே ஒரு குழப்பம் நேர்வதுண்டு. சில சிறுவர்களுக்கு விரை ஒரு நேரம் பையில் இருக்கும். மற்றொரு நேரம் காணாமற்போகும். குளிர்ந்த கை பட்டாலும், பயந்தாலும், விரையைத் தூக்கும் தசை சட்டென்று அதை மேலே இழுத்துக்கொள்கிறது. இது 'ஏறி இறங்கும் விரை'. இது நோயன்று, அறுவையும் தேவையில்லை. சிறுவனைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, வெதுவெதுப்பான கையால் மருத்துவர் மெல்லக் கீழே கொண்டுவந்து விட்டால், விரை சிறிது நேரம் பையிலேயே தங்கும். உண்மையில் இறங்காத விரை அப்படித் தங்காது. எனினும் ஏறி இறங்கும் விரைகளில் சில, சிறுவன் வளரும்போது மேலேயே நின்றுவிடுவதால், ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவர் பார்த்துக்கொள்வது நல்லது. பிறந்தபோது சரியாக இருந்ததே என்று பிறகு பார்க்காமலே விட்டுவிடக் கூடாது.

'ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று சிலர் நாள் கடத்துவார்கள். பத்தில் ஏழெட்டுக் குழந்தைகளுக்குத் தேர்ந்த மருத்துவரின் விரல்களே விரை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். விரல்களுக்குத் தட்டுப்படாததை ஸ்கேனும் பல வேளைகளில் காட்டுவதில்லை. அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர்கள் சங்கம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், அனுப்பும் முன் ஸ்கேன் தேவையில்லை என்றே கூறுகிறது.

ஆறு மாதம் காத்திருக்கலாம் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பிறந்த குழந்தைக்கு இரண்டு விரைகளுமே கைக்குத் தட்டுப்படாவிட்டால், அன்றே சோதிக்க வேண்டும். அட்ரினல் சுரப்பியில் பிறவிக் கோளாறு உள்ள சில பெண் குழந்தைகளின் உறுப்பு, ஆண் குழந்தையுடையது போலவே தோன்றும். அக்கோளாறில் சில வாரங்களுக்குள் உடலின் உப்புச் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்து வரலாம். விரை இறங்காததோடு, சிறுநீர்த் துளை ஆணுறுப்பின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருந்தாலும் அவ்வாறே விரிவான சோதனை தேவை.

அறுவை எப்படி நடக்கிறது?

ஹார்மோன் ஊசி போட்டு விரையை இறக்கும் முயற்சி பல நாடுகளில் நெடுங்காலம் நடந்தது. வெற்றி குறைவு, இறங்கியவற்றிலும் சில மீண்டும் ஏறிக்கொண்டன. இதற்காக ஹார்மோன் தர வேண்டாம் என்பதே இன்றைய பொதுவான கருத்து. தீர்வு அறுவைதான்.

இந்த அறுவை புதிதன்று. எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் 1877ஆம் ஆண்டிலேயே ஒரு சிறுவனுக்கு இதை வெற்றியாகச் செய்தார். சிக்காகோவின் ஆர்தர் பெவன் 1899இல் விளக்கிய முறையின் அடிப்படைகள் இன்றும் பின்பற்றப்படுகின்றன. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, தொடை இடுக்கில் ஒரு சிறு கீறல் இடுகிறார்கள். விரையையும், இரத்தக் குழாயும் விந்துக் குழலும் அடங்கிய அதன் காம்பையும், சுற்றியுள்ள திசுக்களிலிருந்து மெல்லப் பிரிக்கிறார்கள். திறந்திருக்கும் சவ்வுப் பாதையைக் கட்டி மூடுகிறார்கள்; குடலிறக்கம் வரும் வழியும் இத்துடன் அடைபடுகிறது. பிறகு விரைப்பையில் மற்றொரு சிறு கீறல் இட்டு, தோலுக்கு அடியில் ஒரு பொட்டணம்போல இடம் செய்து, விரையை அதில் அமர்த்துகிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் அன்றே வீடு திரும்பலாம். தொடை இடுக்கில் தட்டுப்படும் விரைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெற்றி கிடைக்கிறது.

விரை வயிற்றுக்குள்ளேயே இருந்தால் வேலை சற்றுக் கடினம். முதலில் தொப்புளருகே சிறு துளை இட்டு, லேப்பராஸ்கோப் என்ற மெல்லிய நோக்குக் குழாயை உள்ளே செலுத்தித் தேடுகிறார்கள். காணாத விரையைத் தேட இக்கருவியை முதன்முதலில் பயன்படுத்தியது 1976இல். சில வேளைகளில் இரத்தக் குழாய் எட்டாதபடி குட்டையாக இருக்கும். இதற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஃபௌலர், ஸ்டீஃபன்ஸ் என்ற இருவர் 1959இல் ஒரு வழி சொன்னார்கள். விரைக்கு இரத்தம் வரும் வழி ஒன்றல்ல. முக்கியத் தமனியைத் தவிர, விந்துக் குழலை ஒட்டியும் தசையை ஒட்டியும் சிறு தமனிகள் வருகின்றன. முக்கியத் தமனியை வெட்டினாலும், சிறியவை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளக்கூடும். இன்று பெரும்பாலும் இதை இரு கட்டமாகச் செய்கிறார்கள். முதலில் தமனியைக் கட்டிவிட்டு, சுமார் ஆறு மாதம் கழித்து விரையை இறக்குகிறார்கள். இவ்வகையில் சில விரைகள் சுருங்கிப்போவதும் உண்டு. சில குழந்தைகளுக்குத் தேடிப் பார்த்தால் அப்பக்கத்தில் விரையே இருக்காது; கருவிலேயே இரத்த ஓட்டம் தடைப்பட்டு மறைந்திருக்கும். மற்ற விரை நன்றாக இருந்தால் அது ஒன்றே போதும்.

"இத்தனை சிறு குழந்தைக்கு மயக்க மருந்தா?" என்று பெற்றோர் கலங்குவது இயல்பு. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் பயிற்சி பெற்றவர்களும், குழந்தை அறுவை மருத்துவரும் உள்ள இடத்தில் செய்துகொள்வதே இதற்கு விடை. சென்னை எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் குழந்தை அறுவை மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. அறுவைக்குப் பின் குழந்தை வழக்கம்போலப் பால் குடிக்கலாம். காலைப் பரப்பி உட்காரும் பொம்மைக் குதிரை, மூன்று சக்கர வண்டி ஆகியவற்றைச் சில வாரங்கள் தவிர்த்தால் போதும்.

ஆறும் பதினெட்டும்

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டே. ஆறு மாதத்தில் விரை இறங்கவில்லையென்றால் குழந்தை அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பதினெட்டு மாதத்திற்குள் அறுவை முடிந்திருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து அல்லாமல் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்தைக் கணக்கிட வேண்டும்.

உரிய சிகிச்சை பெற்றவர்களின் எதிர்காலம் எப்படி? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், சிறு வயதில் அறுவை செய்துகொண்டு, பிறகு மணமாகிக் குழந்தைப் பேற்றுக்கு முயன்ற ஆண்களை ஆராய்ந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் குறை இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர் தந்தையாகியிருந்தனர். குறை ஏதும் இல்லாதவர்களில் இது 93. பெரிய வேறுபாடு இல்லை என்பதைக் கவனியுங்கள். இரு பக்கமும் குறை இருந்தவர்களில் 65. இவர்கள் இன்றைய கணக்குப்படி தாமதமாக அறுவை செய்துகொண்ட தலைமுறையினர் என்பதையும் மறக்கக் கூடாது.

அறுவையோடு எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. இப்படி ஓர் அறுவை நடந்திருப்பதை, மகன் வளர்ந்ததும் அவனிடம் பெற்றோர் சொல்லிவைக்க வேண்டும். பருவமடைந்த பின் மாதம் ஒரு முறை குளிக்கும்போது அவனே தன் விரைகளை விரல்களால் உருட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வலியில்லாத கட்டியோ, கல்போன்ற கடினமோ, அளவில் மாற்றமோ தென்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். விரையில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிறது. விரை மேலேயே நின்றிருந்தால் கட்டி வளர்வது தெரியவே தெரியாது. அதைக் கீழே இறக்கி வைப்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

படையில் சேர்வதற்கான உடல் தகுதிச் சோதனையின்போதும், திருமணமாகிக் குழந்தை இல்லையென்று மருத்துவரிடம் வரும்போதும் முதன்முதலாக இக்குறை தெரியவந்த இளைஞர்கள் உண்டு. அவர்களுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் இழந்த மூலச் செல்களை எந்த அறுவையும் திருப்பித் தராது. இருபது ஆண்டுகளாக அவர்கள் வீட்டில் எவருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? பெரும்பாலும் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். வெளியே சொல்லக் கூச்சம். "ஆண்மைக் குறை" என்று ஊர் பேசுமோ என்ற அச்சம். உதடு பிளந்து பிறந்த குழந்தையை, கால் வளைந்து பிறந்த குழந்தையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இதுவும் அவற்றைப் போன்ற ஓர் உடற்குறைதான். அவற்றைவிட எளிதாகச் சரிசெய்யக் கூடியது.

உங்கள் வீட்டிலோ உறவிலோ ஓர் ஆண் குழந்தை பிறந்தால், தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் நாளிலேயே "இரண்டு விரைகளும் இறங்கியிருக்கின்றனவா?" என்று மருத்துவரையோ செவிலியரையோ கேட்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு அரை நிமிடம் ஆகும். கேட்காமல் விட்டால் வரும் இழப்பைப் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் ஈடுசெய்ய முடியாது.